காய்ச்சலுக்குக் கட்டிய வேப்பிலை

அம்மு,

விளக்கேற்றி, உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும், என் வாய்க்கு இன்னும் பழகாத உன் மகள் பெயரையும் சொல்லிக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. நம் அணுபுரம் குடியிருப்பில் எதிர் வரிசை வீடுகள் எல்லாம் பாலில் கரைந்த மாதிரி மங்கலாக நிற்கின்றன. தை பிறந்ததும் நீ விமானம் ஏறிவிடுவாய். உன் மகளுக்குப் பெயர் வைத்த அன்று, அவள் கடைவாயில் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டாய். "அன்னிக்கு ஏம்மா கதவைத் தொறக்கல?" அதற்குள் சம்பந்தியம்மா காபி டம்ளரோடு பக்கத்தில் வந்துவிட்டார். "அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த அப்புறம் இதுதான். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மீதியையெல்லாம் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துக் கற்றுக்கொண்டேன். அதனால் என் பேச்சு கொஞ்சம் அங்கே இங்கே அலையும். பொறுமையாகப் படி.

நடந்ததில் பாதி உனக்கே தெரியும். ஆவணி மாதம். எங்கு பார்த்தாலும் பன்றிக் காய்ச்சல் என்ற பேச்சு. தொலைக்காட்சியில் எந்நேரமும் விமான நிலையத்தைக் காட்டினார்கள். இறங்கி வருகிறவர்களை முகமூடி போட்டவர்கள் வரிசையில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாமல்லபுரம் பேருந்தில் ஒரு வெள்ளைக்காரர் ஏறினால் போதும், நம் ஆட்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் ஒடுங்கினார்கள். அதே வாரம் தாம்பரத்தில் உனக்கு வளைகாப்பு. அது முடிந்த கையோடு உன்னைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். பின்னறையை வெள்ளையடித்து, கட்டிலைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆக்கி, குழந்தைக்கென்று மடித்து வைத்திருந்தேன். வளைகாப்புக்கு முன் எனக்குத் தொண்டை கட்டியது. பிறகு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, காய்ச்சல். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கறதில்லம்மா. வீட்லயே படுங்க. மூச்சு வாங்கினா உடனே வாங்க" என்றார். நான் எழுந்து வாசல் பக்கம் திரும்பிய பிறகு, "புள்ளத்தாச்சி யாராவது இருந்தா பக்கத்துல போகாதீங்க" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டபடி வீட்டுக்கு வந்து படுத்தேன். மேலே மின்விசிறி சுற்றியது. கண்ணை மூடினால் அது விசிறி இல்லை, மதுராந்தகத்து ஏரிக்கு மேல் வட்டமிடும் பருந்து. நான் பாயில் கிடக்கிறேன், எனக்கு ஆறு வயது. இரண்டு காய்ச்சலுக்கும் இடையில் இருந்த என் கல்யாணம், உன் பிறப்பு, இந்த வீடு எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு காய்ச்சலில் கண்ணை மூடி இன்னொரு காய்ச்சலில் விழித்த மாதிரி இருந்தது.

ஐம்பத்தேழில் வந்த காய்ச்சல் அது. எங்கள் வீட்டில் கப்பல் காய்ச்சல் என்றார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியதாம், ரயிலேறி ஊர் ஊராக வருகிறதாம். ஏதோ தூரத்து விருந்தாளியைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் எனக்குத்தான் உடம்பு கொதித்தது. பக்கத்து வீட்டம்மா என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆத்தாவாகத்தான் இருக்கும் என்று சொல்லி ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து எங்கள் வாசல் நிலையில் செருகினார். அவ்வளவுதான், தெரு ஒதுங்கிக்கொண்டது. பால்காரர் கூடச் செம்பைத் தூரத்தில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். பெரியம்மை கண்ணைக் கொண்டுபோன காலம். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி என்று எல்லாரும் படுத்துவிட்டோம். வைத்தியர் வந்தார். என் முதுகையும் தம்பியின் வயிற்றையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்து ஒண்ணையும் காணோமே. ஆத்தா இல்ல, வெறும் ஜொரம்" என்றார். அப்பா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், அந்த வேப்பிலையை எடுத்துத் தெருவில் போட்டார்.

வீடு திறந்துகொண்டது. அடுத்த வீடு, எதிர் வீடு, அப்பா வேலை பார்த்த நெல் மண்டி ஆட்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுவந்து, என் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்து, என் கன்னத்தைத் தடவினார்கள். "ஆத்தான்னு பயந்தே போய்ட்டோம், வெறும் ஜொரந்தானாமே" என்று சிரித்தார்கள். அம்மன் பெயர் இருந்த நோய்க்கு நம்மிடம் எத்தனையோ கட்டுப்பாடு இருந்தது. பெயர் இல்லாத இந்தக் காய்ச்சலுக்கு ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் லோகா அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் வளைகாப்பு முடிந்திருந்தது, அவளுக்கும் தலைப்பிரசவம். உள்ளே நுழையும்போதே கை நிறையக் கண்ணாடி வளையல். "லோகா, வூடு பூரா படுத்துக் கெடக்குது, நீ திரும்பிப் போயிடுடி" என்று என் அம்மா பாயிலிருந்து சொன்னார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னா அண்ணி, வெறும் ஜொரத்துக்குப் பயந்துகினு யாராவது அம்மா வூட்டுக்கு வராத இருப்பாங்களா? நான்தான் கீறேன் இல்ல, படுங்க" என்றாள்.

அவள் முகம் எனக்கு நினைவில்லை, அம்மு. அந்த வளையல் சத்தம்தான் நினைவிருக்கிறது. கண் திறக்க முடியாமல் கிடந்தேன். சத்தம் தலைமாட்டுக்கு வந்தால் நெற்றியில் ஈரத்துணி விழும். கால்மாட்டுப் பக்கம் நகர்ந்தால் கஞ்சி கொதிக்கிற வாசனை வரும். அது ஆனி மாதம், ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஆனால் எனக்கு ஏரி நிரம்பிவிட்டது என்றே தோன்றியது. தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்து, பாய்களுக்கு நடுவில் மெல்ல அலம்பிக்கொண்டு போகிறது, நான் அதன் மேல் மிதக்கிறேன். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தோம். அத்தை படுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு மதியம் தூங்கி விழித்தபோது அந்தச் சத்தம் இல்லை. தண்ணீர் வடிந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தையும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. பிள்ளைப்பேற்றில் போனாள் என்று ஊர் சொல்லி முடித்துக்கொண்டது. என் அம்மா மட்டும் சாகிற வரைக்கும் சொன்னார். "அந்த எலைய எடுக்காத இருந்திருந்தா லோகா வாசலோட திரும்பிப் போயிருப்பா."

இதை நான் ஏன் அன்றைக்கே உன்னிடம் சொல்லவில்லை என்று இப்போது உனக்கே புரியும். வயிற்றுப் பிள்ளையோடு கதவுக்கு வெளியே நிற்கிற மகளிடம் இந்தக் கதையை எந்தத் தாய் சொல்வாள்? நினைத்தாலே பிழை என்று மனசுக்குள் கூட வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆவணியில் நம் வாசலில் வேப்பிலையை நான்தான் கட்டினேன். டாக்டரிடமிருந்து வந்து ஒரு மணிநேரம் படுத்துக் கிடந்துவிட்டு, எழுந்துபோய், பூங்கா ஓரத்து மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தேன். உன் அப்பா எத்தனை வருஷம் இந்த அணுபுரத்தில் இருந்தாலும், அதிர்ந்துபோனால் அவருக்குச் சொந்த ஊரான கடப்பாக்கத்துப் பேச்சு வந்துவிடும். "இன்னாடி பண்ணிக்கினு கீற? யாருக்கு ஆத்தா?" என்றார். நிலையில் செருகும்போது, தாயே, நீ வராத வீட்டில் உன் இலையைக் கட்டுகிறேன், இந்தக் காய்ச்சலுக்கும் நீயே காவல் இரு, கோபம் வந்தால் என் மேல் மட்டும் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். பன்றிக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் இந்த வரிசையே என்னை முறைத்திருக்கும். இலையைப் பார்த்ததும் தள்ளி நின்று கும்பிட்டார்கள். பாத்திரம் தேய்க்க வந்த செல்வி படியிலேயே நின்றுவிட்டாள். "இன்னாம்மா, ஆத்தா வந்துகீறாளா?" என்றாள். "உடம்பு கொதிக்குது செல்வி, உள்ள வராத" என்றேன். நான் பொய் சொல்லவில்லை பார். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கொதிக்குதுன்னு சொல்லாதம்மா, அவளுக்குக் கோவம் வந்துரும். குளுந்துகீறான்னு சொல்லு." மறுநாளிலிருந்து படியில் இளநீர் இருந்தது.

ஒரு பொய்யைக் கட்டினால் அதற்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது அல்லவா? மேல் வீட்டுத் திருநெல்வேலிக்காரம்மாவுக்கு மூக்கு கூர்மை. நான் படுத்திருந்ததால் உன் அப்பாதான் சமையல். குழம்பைக் கொதிக்கவைத்துவிட்டுக் கரண்டியோடு வந்து அறை வாசலில் நின்றார், மூக்கைச் சுற்றித் துண்டு. "வராத ஆத்தாவுக்கு நான் எதுக்குடி பத்தியம் இருக்கணும்? கடுகாவது போட்டுக்கறேனே?"

"கடுகு வெடிச்சா மாடிக்கு வாசனை போகும்."

"அப்ப அப்பளம்?"

"அதுவும்தான் போகும்."

"நீ எழுந்துக்கறதுக்குள்ள எனக்கு நெஜமாவே ஆத்தா வந்துரும் போ" என்று முனகிக்கொண்டே போனார். அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமல் வந்தது.

அந்த இலை என்ன சொல்கிறது என்று உனக்கும் தெரியும். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது, தொண்ணூறா தொண்ணூற்றொன்றா, உனக்குச் சின்னம்மை வந்தது. உன் வகுப்பு மொத்தமும் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போன அன்று, நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் சிநேகிதி சாந்தி வெளியே நின்று தொப்பியைக் காட்டிவிட்டு ஓடினாள். "ஆத்தா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டுக் கேட்டு என்னை வதைத்தாய். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் நாம் மூவர் மட்டும் போனோம். கூட்டமே இல்லை. கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் அலை பாறை மேல் ஏறி ஏறி இறங்கியது. நீ வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடல் தூங்குதும்மா, மூச்சு வுடுது பாரு" என்றாய். ஆவணிக் காய்ச்சலில் அந்தக் கடலும் வந்து என்னோடு படுத்துக்கொண்டது. எது ஏரி, எது கடல், எது என் நெஞ்சுக்குள் ஓடும் இரைச்சல் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் கிடந்தேன்.

வளைகாப்பு அன்று காலையில் அப்பா உனக்குப் போன் போட்டார். பெரியம்மா முன்னின்று நடத்துவாள், நீ இங்கே வர வேண்டாம், அம்மாவுக்கு ஜுரம் என்றார். அங்கே யாரும் கேட்பதாக இல்லை. வளையல் போட்டவள் தாய்வீட்டுப் படி ஏறாமல் இருப்பதா என்றார்களாம். அப்பா என்னிடம் வந்தார். "ஆத்தான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. சம்பந்தி வூட்ல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அம்முவும் வருத்தப்படாது." அவர் சொன்னது சரிதான். ஊருக்கு இலையைக் காட்டினேன். உன்னிடம் எப்படிக் காட்டுவது? உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து, நீ கேட்டதற்கு நான் உண்மையல்லாததைச் சொன்னதில்லை. முடியாது என்றேன்.

அன்று பிற்பகல் வாசலில் கார் வந்து நின்றது. அதன் கதவு சாத்துவதற்கு முன்னாலேயே எனக்கு வளையல் சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அம்மு, அது நீ என்று எனக்குத் தோன்றவில்லை. வந்துவிட்டாள், திரும்பவும் வந்துவிட்டாள் என்று பதறி எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்த பிறகுதான் உன் குரல் கேட்டது. "அம்மா, கதவைத் தொற." பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நலங்கு மஞ்சள் கன்னத்தில் அப்படியே இருந்தது. முகம் வீங்கி, அழகாக இருந்தாய். உன் கண் நிலைக்குப் போனது.

"ஆத்தாவாம்மா? அப்பா வெறும் ஜுரம்னாரே?"

"ஜுரம்தான்டி."

"அப்புறம் எதுக்கு எலை?"

"யாரும் உள்ள வரக்கூடாதுன்னு."

"யாரும்னா? நானுமா?"

"நீதான் முக்கியமா."

நீ நம்பவில்லை. சிரித்தாய். "வெளையாடாதம்மா. வெறும் ஜுரம்தானே, நான் வந்து பாத்துக்கறேன், நீ படு" என்று கையைக் கதவில் வைத்தாய். அந்த வளையல்கள் கதவில் உரசின. நான் தாழ்ப்பாளைப் போட்டேன். மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். நீ கையை எடுத்துக்கொண்டாய். "சரிம்மா" என்றாய், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்கிற மாதிரி. மாப்பிள்ளை உன் தோளைத் தொட்டு அழைத்துப்போனார். காரில் ஏறும் முன் நீ பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலில் நின்று, என் வீட்டுத் தண்ணீர் இல்லாமல்.

உடம்பு தேறி, தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, அப்பாவோடு உன்னை அழைக்க வந்தேன். "பரவாயில்லம்மா, இங்கயே பழகிடுச்சு" என்றாய். நீ அதட்டியிருந்தால், அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தது. உன் குழந்தைக்கு முதல் தண்ணீர் ஊற்றியது என் கை இல்லை. இரண்டு தடவை வந்து, விருந்தாளி மாதிரி சோபாவில் உட்கார்ந்து, பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

எனக்கு வந்தது அந்தக் காய்ச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. மழைச்சளிக்கு இவ்வளவா என்று சம்பந்தியம்மா கேட்டாராம். இருக்கலாம், வெறும் சளியாகவே இருக்கலாம். வீட்டுக் கணக்கில் தீப்பெட்டியைக் கூட விடாமல் எழுதுகிறவள் நான். ஆனால் நடக்காமல் போன ஒன்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ நன்றாக இருக்கிறாய், குழந்தை நன்றாக இருக்கிறாள். கதவைத் திறந்திருந்தாலும் இப்படியே இருந்திருக்கலாம். யாரிடம் கேட்பது?

இரண்டு காய்ச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த மாதங்களில் நிறைய யோசித்துவிட்டேன். அப்போது ஒருவரும் பயப்படவில்லை. அன்போடு வந்து, அன்போடு பாயில் உட்கார்ந்து, அன்போடு எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது எல்லாரும் பயந்தார்கள், இருமினவனையே நோயாகப் பார்த்தார்கள். அந்த ஒரு கொத்து இலைக்கு மட்டும் வெறுக்காமல் விலகி நிற்கத் தெரிந்திருந்தது. நீ போகிற தேசத்தில் வேப்பமரம் இருக்குமோ இருக்காதோ. உன் மகள் வளர்ந்து, நீ அவளுக்கு ஒரு கதவைச் சாத்த வேண்டி வரும். எல்லாத் தாய்க்கும் வரும். காரணம் சொல்ல முடிகிற காலத்தில் சொல்லிவிடு. என்னைப் போல மாதக்கணக்கில் தள்ளிப்போடாதே. இதைத்தான் சொல்ல வந்தேன் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு எழுதி வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். நாளைக்குத் தாம்பரம் வருவதாக இருந்தேன் அல்லவா, வசம்பும் ஜாதிக்காயும் சுட்டு, குழந்தைக்கு உரை மருந்து இழைக்க எடுத்து வைத்திருந்தேன். போன் அடித்தது. நீதான்.

"அம்மா, நாளைக்கு வராத. எனக்கு நேத்துலேர்ந்து ஜுரம்."

"அடியம்மா! நான் இப்பவே கெளம்பி வரேன். கஞ்சி வச்சுத் தரேன், கொழந்தையை நான் பாத்துக்கறேன்."

"சொன்னா கேளும்மா. உனக்கு சுகர் இருக்கு. வாசல்ல வந்து நின்னாலும் நான் உள்ள விடமாட்டேன்." நீ இருமினாய். பிறகு, "கோவமா?" என்று கேட்டாய்.

"இல்லடி" என்றேன். நீ வைத்துவிட்டாய். நான் போனைப் பிடித்தபடி நின்றேன். நீ சொன்னது நியாயம், அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. இருந்தும் சுட்டது. நியாயம் தெரிந்த என்னையே இப்படிச் சுடுகிறதென்றால், ஒன்றுமே தெரியாமல், முகத்தில் மஞ்சளோடு வெயிலில் நின்ற உன்னை எப்படிச் சுட்டிருக்கும்? இத்தனை பக்கம் எழுதியும் நான் கதவுக்கு உள்ளே நின்றே பேசியிருக்கிறேன், அம்மு.

நாளைக்கு வருகிறேன். பயப்படாதே, உள்ளே வர மாட்டேன். முதல் பேருந்தில் செங்கல்பட்டு வந்து, மின்சார ரயில் பிடித்து, பனி விலகும்போது உங்கள் தெருவில் இருப்பேன். மருந்தையும் இந்தக் கடிதத்தையும் கேட்டில் வைத்து, மணியை அடித்துவிட்டு எதிர்ப்புறம் போய் நிற்கிறேன். குழந்தைக்குக் குல்லா போட்டு, மாடி ஜன்னலில் தூக்கிக் காட்ட மாப்பிள்ளையிடம் சொல். பார்த்துவிட்டுப் போய்விடுவேன். அவளை மட்டும் காட்டினால் போதும், நீ படுத்திரு என்று எழுதத்தான் நினைத்தேன். முடிந்தால் நீயும் வந்து நில்.

அம்மா